உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின்: புரதக் குறியீடுகளை எவ்வளவு நம்பலாம்?

(உரையாடுவோர்: திசுவை ஆராயும் நோயியல் மருத்துவர் ‘நுண்ணோக்கி’, அறுவை மருத்துவர் ‘அறுவைமேசை’, புள்ளியியலாளர் ‘எண்ணளவை’.)

நுண்ணோக்கி:
கட்டியின் ஆழத்தையும் நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து நோயாளியின் வருங்காலத்தைக் கணிப்பது போதாது. ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது, மற்றவர் பல ஆண்டுகள் நலமாக இருக்கிறார். ஆகவே உயிரணுக்களின் பெருக்கத்தோடு தொடர்புடைய பி53, கேஐ-67 போன்ற புரதங்களைத் திசுவில் சாயமேற்றிப் பார்த்து, ஒவ்வொரு அறிக்கையிலும் எழுத வேண்டும் என்கிறேன்.

அறுவைமேசை:
உங்கள் அக்கறை புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை. தொடர்பே இல்லாத 20 புரதங்களைச் சோதித்தாலும், புள்ளியியலில் வழக்கமான 0.05 (நூற்றுக்கு ஐந்து) என்ற வரம்பில் சராசரியாக ஒன்று, தொடர்புள்ளதுபோலத் தற்செயலாகவே தேறிவிடும். எனக்குக் கைகொடுப்பது, உடலில் அழற்சி ஏற்பட்டால் இரத்தத்தில் உயரும் எளிய சி-ரியாக்டிவ் புரதம்தான். கல்லீரல் சுரக்கும் இது அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும். அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 19 மணி நேரமே என்பதால், சிக்கல் இல்லையெனில் விரைவாக இறங்கும். நான்காம் நாள் காலையில் நோயாளி காய்ச்சலின்றி எழுந்து உட்கார்ந்து பேசினாலும், அந்த எண் இறங்காமல் நின்றால், உணவுக்குழாயை இணைத்த இடத்தில் கசிவு உண்டா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வேன்.

நுண்ணோக்கி:
நிமோனியாவிலும் அதே எண் உயருமே! மார்பைத் திறந்து செய்யும் அறுவையில் அது அரிதன்று.

அறுவைமேசை:
உண்மை. அதனால்தான் எண் உயர்ந்திருப்பதைவிடத் தாழ்ந்திருப்பதே எனக்குப் பெரிதும் உதவுகிறது: கசிவு இருக்க வாய்ப்புக் குறைவு என்று அது ஓரளவு துணிவுடன் சொல்கிறது, கசிவு இருக்கிறது என்று உறுதிசெய்யும் வலிமை அதற்கில்லை.

எண்ணளவை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒருவர் முதல் வாரத்தின் ஆபத்தைப் பேசுகிறார், மற்றவர் பல ஆண்டுகளின் உயிர்வாழ்வைப் பேசுகிறார். இரண்டாவதில் நான் அறுவைமேசையின் பக்கம். 2021இல் வெளியான செக்மேட் 577 ஆய்வில், அறுவைக்குப் பின் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைப் பெற்றவர்களின் நோயற்ற இடைநிலைக் காலம் (பாதிப்பேர் நோய் திரும்பாமல் கடந்த காலம்) 22.4 மாதங்கள், மருந்தில்லா மாற்று (பிளாசிபோ) பெற்றவர்களுக்கு 11 மாதங்கள். அதில் நோயாளிகளைத் தேர்ந்தது, அறுவைக்கு முன் தந்த கீமோ, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின்னும் அகற்றிய திசுவில் எஞ்சியிருந்த புற்றைப் பார்த்துத்தான். புற்று நோயெதிர்ப்பிலிருந்து தப்ப உதவும் பிடி-எல்1 புரதத்தின் அளவைப் பார்த்தன்று.

நுண்ணோக்கி:
அந்த மருந்து பெற்றும் பலருக்கு நோய் திரும்பியதே. அவர்கள் யார் என்பதை எஞ்சிய புற்று சொல்லவில்லை. எல்லா அறிக்கையிலும் எழுத வேண்டும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எந்த அளவுக்கு மேல் ‘உயர்வு’ என்று கொள்வது என்ற வெட்டெல்லையை முன்கூட்டியே அறிவித்து, சாயமேற்ற ஒரே எதிர்ப்பொருளைக் கொண்டு, வேறு மருத்துவமனைகளின் நோயாளிகளிடமும் சோதிக்கும் ஆய்வுகள் நடந்தே ஆக வேண்டும்.

அறுவைமேசை:
அப்படி ஓர் ஆய்வுக்கு நான் அகற்றும் ஒவ்வொரு திசுவையும், நோயாளியின் ஒப்புதலோடு, அனுப்பிவைப்பேன்.