மறு: நியூட்ராசூட்டிகல்: ‘ஊட்டமருந்து’ வேண்டாம், ‘வடிசத்து’ என்போம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பூண்டு, மீன் எண்ணெய் போன்ற உணவுப் பொருள்களின் சத்தை மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிறார்களே, அந்த நியூட்ராசூட்டிகலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஊட்டமருந்து’ என்பதே போதும். மூலச்சொல்லிலும் ஊட்டமும் மருந்தும் சேர்ந்துதானே இருக்கின்றன?

இருக்கின்றன. ஸ்டீபன் டிஃபெலிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1989-இல் நியூட்ரிஷனையும் பார்மாசூட்டிகலையும் ஒட்டிச் செய்த சொல் அது. அந்த ஒட்டை நாமும் செய்யக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

மதுரையில் மருந்துக்கடையில் நிற்பவன் நான். பெரியாஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, “அதான் பூண்டு மாத்திரை போடுறேனே, அதுவும் மருந்துதானே?” என்று கேட்பவர்கள் மேலூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் வருகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள்கூட உண்டு. நாம் தரும் சொல்லிலேயே ‘மருந்து’ இருந்தால் அவர்களிடம் என்ன சொல்லி மறுப்பது? இந்த டப்பாக்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதி. விதி ஒன்று சொல்ல, பெயர் அதற்கு எதிராகச் சொல்லலாமா?

இங்கே வந்த மற்ற சொற்களில் ‘இணை உணவு’ அங்கன்வாடிச் சத்துமாவுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘செறிசத்து’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்த பிறகு, அதுவும் இதுவும் ஒன்று என்றுதான் மக்கள் நினைப்பார்கள்.

அதனால்தான் ‘வடிசத்து’. உணவிலிருந்து வடித்தெடுத்த சத்து. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. பூண்டு வடிசத்து, மஞ்சள் வடிசத்து, வடிசத்து மாத்திரை என்று தடையில்லாமல் வாயில் வருகிறது.

> ‘வடி’ என்றால் வடிகஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. கழித்துவிட்டது என்ற பொருள் வராதா?

தைலம் வடிப்பதும் இருக்கிறதே ஐயா. நாட்டு மருந்துக் கடைக்குப் போகிற எவருக்கும் ‘வடித்தெடுத்தது’ என்றால் மூலப்பொருளிலிருந்து பிரித்தது என்று விளங்கும். நமக்கு வேண்டியது அந்தப் பொருள்தான். ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டு வேறு, மாத்திரைக்குள் போன பூண்டு வேறு. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் பூண்டு வடிசத்தையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். டாக்டரிடம் கேட்காமல் அவர் அதைத் தொடவே கூடாது. ரசத்துக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்தச் சொல்லுக்குக் கடினமான சோதனை சிவப்பு ஈஸ்ட் அரிசி. (நம்ம மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பெயரைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.) மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்து நொதிக்க வைப்பது இது, சீனாவில் பழைய வழக்கம். அதில் உண்டாகும் மொனகோலின் கே என்ற பொருள், 1987-இல் அமெரிக்கா அனுமதித்த லோவாஸ்டாடின் மாத்திரையில் (கொழுப்பைக் குறைக்கும் ‘ஸ்டாடின்’ வகை மருந்து) இருப்பதேதான். வேதியியலில் இரண்டும் ஒன்று. கொழுப்பைக் குறைக்கும், உண்மை. ஸ்டாடினுக்குள்ள தசைவலியும் கல்லீரல் தொல்லையும் இதற்கும் வரலாம். ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிடுபவர் ‘அரிசிதானே’ என்று இதையும் விழுங்கினால் ஒரே வகை மருந்தை இரண்டு வழியில் எடுக்கிறார். தயாரிப்பு சரியில்லை என்றால் சிட்ரினின் என்ற நச்சும் கூட வரும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் மொனகோலின் அளவை நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வைத்தது சும்மா இல்லை.

“அப்படியானால் இதையாவது மருந்து என்போமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை. வடிசத்து என்ற பெயர், பொருள் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லட்டும். நோயைத் தீர்க்குமா, தீர்க்காதா என்பதை ஒவ்வொன்றுக்கும் ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

மீன் எண்ணெயைப் பாருங்கள். இதயநோய் இல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம்) கொடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட வைட்டல் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதே ஆண்டில் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியவர்களுக்கு, இபிஏ என்ற ஒரு வகை ஒமேகா-3-ஐ மட்டும் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்ததில், இதயப் பாதிப்புகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்கள் எல்லாரும் ஸ்டாடினையும் கூடவே சாப்பிட்டவர்கள். 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இபிஏ, டிஹெச்ஏ (இன்னொரு வகை ஒமேகா-3) இரண்டும் கலந்த 4 கிராமைச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. இதயத்துடிப்பு தாறுமாறாவது மட்டும் இந்த 4 கிராம் ஆய்வுகள் இரண்டிலும் கூடியிருந்தது. அந்த இபிஏ மாத்திரை டாக்டர் சீட்டில் வரும் மருந்து. கடையில் தொங்கும் மீன் எண்ணெய் டப்பா வடிசத்து. இரண்டையும் ‘ஊட்டமருந்து’ என்ற ஒரே பெயரில் அடைத்தால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

ஆலையில் வேதிமுறையில் செய்த வைட்டமின் மாத்திரைகள் இதில் சேரா. அவற்றுக்குக் ‘குறைநிரப்பி’ இருக்கிறது, இருக்கட்டும்.

சொல்தொகுப்புக்கு என் வரையறை: “வடிசத்து: உணவுப் பொருளிலிருந்து பிரித்தோ, அதை நொதிக்க வைத்தோ பெற்று, மாத்திரை, பொடி, எண்ணெய் வடிவில் அளவாகத் தரப்படும் சத்து; மருத்துவர் எழுதிய மருந்துக்கு மாற்றாகாது.” ‘நொதிக்க வைத்தோ’ என்பதைச் சிவப்பு ஈஸ்ட் அரிசிக்காகவே சேர்த்தேன்.

இசப்கோல்தான் இன்னும் இடிக்கிறது. கெட்ட கொழுப்பை ஓரளவு குறைக்கிறது, ஆனால் விதையின் உமியை அப்படியே எடுப்பதுதானே? நான் அதை நார்ச்சத்து உணவு என்றே விட்டுவிட நினைக்கிறேன். உணவியல் படித்தவர்கள் யாராவது இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.