பிரசவத்தோடு முடியாத பிரஷர்

நீடாமங்கலத்துப் பெண்:

எனக்குத் தலைச்சன் பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருந்தேன். சம்பா நடவு நேரம், வீட்டு ஆட்கள் எல்லோரும் வயலில் கிடந்தார்கள். கால் வீங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீர் உடம்பு, பார்லி கஞ்சி குடிச்சா வத்திடும்" என்றார் அப்பாயி. கால் வீக்கம் நிறையப் பேருக்கு வருவதுதான். எனக்கு முகமும் விரல்களும் சேர்ந்தே ஊதின. வளைகாப்பன்று கையில் கலகலவென்று ஓடிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு நகரவே இல்லை. அம்மா சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றப் பார்த்ததில் இரண்டு உடைந்தன. வளையல் உடைந்ததற்கு அம்மா அழுதார். கை வீங்கியதற்கு அழவில்லை.

31-வது வாரப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது பி.பி. 150/100. உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள், இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் இரண்டு பிளஸ். எனக்கோ ஒரு தொந்தரவும் தெரியவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வந்தால் பிரீ-எக்லாம்ப்சியா என்றார் டாக்டரம்மா. நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கிற கோளாறு. உப்பைக் குறைத்தாலோ நெருஞ்சி முள் கஷாயம் குடித்தாலோ போய்விடாது. பி.பி.யைக் குறைக்க லேபெடலால் மாத்திரை எழுதிக்கொடுத்து, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வரச் சொன்னார்.

33-வது வாரத்தில் வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிசைகிற வலி. கேஸ் என்று அம்மா மோரில் பெருங்காயம் கரைத்தார். அப்புறம் தலைவலி, கண்ணில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். 108-ல் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பி.பி. 170/110. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி, ரத்தக் குழாயிலும் இடுப்பின் இரண்டு பக்கமும். உடம்பு முழுக்க அடுப்பை மூட்டியது மாதிரி ஒரு சூடு பரவும், பயப்பட வேண்டாம். சிஸ்டர் வந்து வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், பையில் எவ்வளவு சிறுநீர் இறங்கியிருக்கிறது என்று குறிப்பார். மருந்து அளவு மீறினால் முதலில் முழங்கால் துடிப்புதான் போகுமாம். குழந்தையின் நுரையீரலுக்கென்று தனியாக ஸ்டீராய்டு ஊசி. பிறகு சிசேரியன். மகள் 1.6 கிலோ. பச்சிளம் குழந்தைகள் வார்டில் பாலைப் பீய்ச்சி, பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டியதை எழுதினால் அதுவே தனிக் கதை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால் நோய் தீரத் தொடங்கும் என்பது உண்மை. தொடங்கும், அவ்வளவுதான். பிரசவமாகி மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பி.பி. மறுபடி ஏறுவது சகஜம் என்று அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். வீட்டில் வேறு கணக்கு. தலை வலிக்கிறது என்றால், "பச்சை உடம்புக்காரி, காத்து புகுந்திருக்கும்" என்று காதில் பஞ்சு, சாம்பிராணிப் புகை, லேகியம். தண்ணீர் கூட அளந்துதான். என் வீட்டுக்காரர் மட்டும் மெடிக்கலில் வாங்கிய பி.பி. மெஷினைக் கையில் கட்டிவிட்டார். 164/112. "குழந்தைதான் பொறந்தாச்சே, இன்னும் என்ன பிரஷர்?" என்று அப்பாயி கேட்கக் கேட்கவே கார் பிடித்து மறுபடி ஆஸ்பத்திரி. இன்னொரு சுற்று மெக்னீசியம். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை கூட இது வரலாம், முன்னால் பி.பி. இல்லாதவர்களுக்கும்.

நிஃபெடிபின், எனலாப்ரில் என்று பி.பி. மாத்திரைகள் கொடுத்தார்கள். எனலாப்ரில் கர்ப்பத்தில் கூடாது, தாய்ப்பால் கொடுக்கும்போது கொடுக்கலாம். மாத்திரை சாப்பிட்டால் பால் விஷமாகும் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். டாக்டரையே கேட்டுவிட்டு நிம்மதியாகக் கொடுத்தேன். பி.பி. மெஷின் பட்டையைக் கையில் சுற்றும்போது வரும் படபடப்பு மட்டும் பல மாதம் போகவில்லை.

மன்னார்குடி, இப்போது சிங்கப்பூர்:

இதே பிரஷரில் என் மனைவிக்கு வலிப்பே வந்துவிட்டது, ஊரில் வைத்து. ஜன்னி என்று சொல்லி ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க, இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கப் போக, பக்கத்து வீட்டு அண்ணன்தான் எல்லோரையும் விலக்கி இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து 108-க்கு அடித்தார். வாயில் எதையும் வைக்கக் கூடாது. போனில் கேட்டுக்கொண்டிருந்த என் நிலைமை இருக்கட்டும். அடுத்த பிரசவத்தில் இது மறுபடி வராமல் இருக்க 12-வது வாரத்திலேயே டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்தார். பி.பி. கடைசியில் லேசாக ஏறியது, மகன் 37 வாரத்தில் பிறந்தான்.

ஒரத்தநாடு அக்கா, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

தங்கச்சி சொன்ன மெஷின் விஷயத்தில் ஒன்று. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அதிகமாகக் காட்டும். அளவை நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். 160/110 வந்தால் எழுதிக்கொண்டு உட்காராமல் கிளம்புங்கள், பரிசோதனை அட்டையும் நோட்டும் கையோடு. பிரசவமாகி மூன்று மாதம் கழித்து பி.பி.யும் சிறுநீரும் ஒருமுறை பார்க்க வேண்டும். இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வருகிற அன்றைக்கே உங்கள் கையையும் நீட்டலாம், காசா பணமா.