ரியூப் லைட் விட்டு விட்டு எரிகிறது, ஸ்டாட்டர் மாற்றியும் சரிவரவில்லை, அவசரம்

உவர்மலை வீட்டுக்காரன்:
வணக்கம். ரியூப் லைட் நேற்று இரவிலிருந்து மினுக் மினுக்கென்று அடிக்கிறது. ரியூப்பைப் பற்ற வைக்கிற அந்தச் சின்ன ஸ்டாட்டரைப் புதிது வாங்கிப் போட்டேன், அப்படியேதான். மகளுக்கு ஏ.எல். பரீட்சை, இந்த வெளிச்சத்தில் படிக்க ஏலாது என்கிறாள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாலையூற்றுத் தம்பி:
அண்ணை, ஒரு லைட் மட்டுமா, வீடு முழுக்கவா? எத்தனை அடி ரியூப்? பழசா புதுசா? மற்ற லைட்டுகளும் சேர்ந்து கூடிக் குறைந்தால் அது வேறு கதை. வீதி லைனில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, விட்டுப்போனால் வோல்டேஜ் ஏறி ப்ரிஜ், டிவி எல்லாம் எரிந்துபோகும். அப்படியென்றால் மெயினை ஓஃப் பண்ணிவிட்டு மின்சார சபைக்கு, 1987க்கு அடியுங்கள்.

மூத்த மின்கைகாரர்:
இவ்வளவு கேள்வி எதற்கு? ஸ்டாட்டர் மாற்றியாயிற்று என்றால் மிச்சம் கரண்ட்டை மட்டுப்படுத்துகிற சோக்தானே. சோக் போய்விட்டது, மாற்றுங்கள். அடிப்படை தெரியாதவர்கள் ஏணியில் ஏறாமல் இருப்பது நல்லது. இதே கேள்வியை இங்கே எத்தனையோ தரம் விளக்கியாயிற்று, தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

சாம்பல்தீவு அக்கா:
சோக் போனால் அநேகமாக ரியூப் எரியவே எரியாது, இல்லையென்றால் கருகல் மணம் வரும். எனக்கு ரியூப்பின் முனையைப் பூட்டுகிற ஹோல்டரில்தான் சந்தேகம். கடற்காற்றுப் படுகிற வீடுகளில் ஹோல்டருக்குள் இருக்கிற பித்தளைத் தகடு பச்சை பூத்துப்போகும். எங்கள் விறாந்தை லைட்டில் அந்தப் பச்சை மாவு மாதிரி விரலில் ஒட்டியது. மெயினை ஓஃப் பண்ணி, ரியூப்பைக் கழற்றி, இரண்டு முனைப் பின்னையும் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். முனைகள் கறுத்திருந்தால் ரியூப்பின் காலம் முடிந்தது.

மூதூர் வாசி:
இரவில் மட்டும் என்றால் வோல்டேஜ்தான். எல்லாரும் லைட், ஃபேன், மோட்டர் போடுகிற நேரம். 230 இருக்க வேண்டியது நன்றாக இறங்கினால் ரியூப் பிடித்து நிற்காது. பகலில் போட்டுப் பார்த்தீர்களா?

நிலாவெளிப் பெடியன்:
இந்தக் காலத்தில் யார் ரியூப் லைட்டோடு மினக்கெடுவது? கழற்றிவிட்டு எல்இடி போடுங்கள். 36 வாட்ஸ் ரியூப் தருகிற வெளிச்சத்தை 18 வாட்ஸ் எல்இடி தரும்.

மூத்த மின்கைகாரர்:
எல்இடி போடச் சொல்லுகிறவர், பழைய ஃபிட்டிங்கில் ஸ்டாட்டரை எடுத்துவிட்டு அதோடு வருகிற டம்மியைப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஸ்டாட்டரோடு அப்படியே போட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். அரைகுறை அறிவுரை.

நிலாவெளிப் பெடியன்:
பெட்டியிலேயே படம் போட்டுத்தான் வருகிறது, ஐயா. ஒவ்வொன்றையும் நான் எழுத வேண்டுமா?

சாம்பல்தீவு அக்கா:
எல்இடியும் இங்கே சும்மா நிலைக்காது. கரண்ட் போய்ப் போய் வந்தால் உள்ளே எல்இடிக்கு ஏற்ற மாதிரி கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர்தான் முதலில் போகும். பிறகு முழு ரியூப்பையும் எறிய வேண்டியதுதான். சோக் லைட்டில் ஸ்டாட்டரை மட்டும் மாற்றலாம்.

நிலாவெளிப் பெடியன்:
அக்கா, எங்கள் கடையில் எல்லாமே எல்இடி. ஒன்றும் போகவில்லை.

உவர்மலை வீட்டுக்காரன்:
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். ஹோல் லைட் ஒன்று மட்டும்தான். 4 அடி. ரியூப் பொங்கலுக்குப் போட்டது, முனை கறுக்கவில்லை. பகலிலும் அப்படியே. ஸ்டாட்டரில் எஸ்2 என்று இருக்கிறது.

பாலையூற்றுத் தம்பி:
அதுதான் விஷயம் அண்ணை. எஸ்2 சின்ன ரியூப்புக்கு, 4 முதல் 22 வாட்ஸ் வரை. ஒரே சோக்கில் இரண்டு 2 அடி ரியூப்பைத் தொடராகப் பூட்டியிருந்தால் அதைப் போடுவார்கள். உங்கள் 4 அடிக்கு எஸ்10 வேண்டும். ரியூப் பிடித்துக்கொண்டதும் அதன் இரு முனைக்கும் நடுவே சுமார் 100 வோல்ட் இருக்கும். எஸ்10 அதற்குப் பேசாமல் இருக்கும். எஸ்2 இன்னும் குறைந்த வோல்டேஜுக்கே வேலை செய்கிற சாமான். ரியூப் எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒளிர்ந்து, தகடு சூடாகி வளைந்து தொட்டு, ரியூப்பை அணைத்துவிடும். திரும்பத் திரும்ப அதுதான் நடக்கிறது. பழைய ஸ்டாட்டர் தேய்ந்துபோயிருக்கும், கடையில் பார்க்காமல் எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

மூதூர் வாசி:
குசினியில் 4 அடி லைட் இருந்தால் அந்த ஸ்டாட்டரைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். கடைக்கு ஓடத் தேவையில்லை.

மூத்த மின்கைகாரர்:
சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டாட்டர் விஷயம் சரி. ஆனாலும் சோக்கின் சூட்டையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

உவர்மலை வீட்டுக்காரன்:
எஸ்10 போட்டாயிற்று. நின்று எரிகிறது. எல்லாருக்கும் நன்றி, தம்பிக்கு விசேஷமாக.

சாம்பல்தீவு அக்கா:
நல்லது. ரியூப் எப்போதாவது உடைந்தால் யன்னலைத் திறந்து விட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே நில்லுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. கையால் பொறுக்க வேண்டாம்.

கிண்ணியா நண்பன்:
இதிலேயே கேட்கிறேன். எங்கள் படுக்கையறை எல்இடி பல்ப் சுவிட்சை ஓஃப் பண்ணிய பிறகும் மங்கலாக எரிகிறது. ஏன்?

பாலையூற்றுத் தம்பி:
சுவிட்சில் சின்னச் சிவப்பு லைட் இருக்கிறதா? இல்லையென்றால் நியூட்ரலை சுவிட்சுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். தனியாகக் கேளுங்கள், எந்த சுவிட்ச் என்று படமும் போடுங்கள்.