ஸ்டுட்கார்ட்: கதவில் கேர்வோகெ பலகை, ஜன்னலில் பூஞ்சை

கோவைப்பெண் எழுதியது:
வணக்கம். கணவரின் வேலைக்காக ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் வந்தோம். அன்மெல்டுங் (முகவரிப் பதிவு), வங்கி, இன்சூரன்ஸ் எல்லாம் அவர் அலுவலகத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பகல் முழுக்க நானும் நாலு வயது மகளும்தான் வீட்டில். கிட்டாவில் (மழலையர் பள்ளி) இன்னும் இடம் கிடைக்கவில்லை.

நேற்று எதிர்வீட்டு அம்மா எங்கள் கதவில் 'கேர்வோகெ' என்று எழுதிய பலகையை மாட்டிவிட்டுப் போனார். படிக்கட்டைச் சுத்தம் செய்யும் முறை எங்களுடையது என்று புரிகிறது. எதுவரை செய்ய வேண்டும், என்றைக்கு? இன்னொன்று, குளிர் தொடங்கியதும் படுக்கையறை ஜன்னல் ஓரம் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. காலையில் மிக்ஸி போடக்கூடத் தயங்குகிறேன்.

நெக்கர்க்கரை அக்கா:
பயப்படாதே கண்ணு, நானும் பொள்ளாச்சிதான். சின்னக் கேர்வோகெ என்றால் பெரும்பாலும் உன் தளமும் அங்கிருந்து கீழே இறங்கும் படிகளும். பெருக்கி, ஈரத்துணியால் துடை, கைப்பிடியையும் சேர்த்து. பெரிய கேர்வோகெயில் வாசல், நடைபாதை, நிலவறை எல்லாம் வரும். பனி விழுந்தால் தள்ளுவதும் உண்டு. உங்களுக்கு எது என்று ஒப்பந்தத்தோடு தந்த வீட்டு விதித் தாளில் இருக்கும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடு.

நான் சொல்வதைக் கேள், அதை ராத்திரியில் யாரும் பார்க்காமல் செய்யாதே. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செய், பாப்பாவையும் கூட வைத்துக்கொள். ஞாயிறு கடை கிடையாது என்பதால் எல்லாரும் அப்போதுதான் பையோடு ஏறி இறங்குவார்கள். இங்கே மணியடித்து வீட்டுக்குள் வந்து பேசுகிறவர்கள் குறைவு, படிக்கட்டில்தான் பேச்சு. என் மேல்வீட்டுப் பாட்டி அப்படிப் பழக்கமானவர்தான். பையனுக்குக் குழந்தை மருத்துவர் கிடைக்காமல் அலைந்தபோது தன் மகள் போகும் இடத்தில் கேட்டு வாங்கித் தந்தார்.

பூஞ்சைக்கு: நம் சமையலில் ஆவி அதிகம், குளிரில் துணியையும் உள்ளேதான் காயப் போடுகிறோம். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்துத் திறந்து மணிக்கணக்கில் விடாதே, சுவர் குளிர்ந்து ஈரம் அங்கேயே படியும். காலை, மாலை, சமைத்த பிறகு என்று முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடு. அந்த நேரம் ஹீட்டரைக் குறைத்துவிடு. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வை. வீட்டுக்காரருக்குப் படத்தோடு இன்றே மெயில் அனுப்பு. குறையைத் தெரிவிப்பது வாடகைதாரரின் சட்டக் கடமை, சொல்லாமல் விட்டால் சேதம் உன் தலையில் வந்து விடியும்.

மிக்ஸியை இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிற்றுக்கிழமையும் தவிர்த்தால் போதும். சட்னி அரைக்க ஒரு நிமிடம்தானே, மற்ற நேரம் தாராளமாகப் போடு.

இரண்டு பிள்ளை அப்பா:
கிட்டா பற்றி மட்டும் சொல்கிறேன். 3 வயது முடிந்த குழந்தைக்கு இடம் கிடைப்பது 1996 முதல் சட்டப்படி உரிமை. ஒரே கிட்டாவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பலவற்றில் பதிந்துவிட்டு, இடம் தேவை என்று யூகெண்ட்அம்டுக்கும் (குழந்தைகள் நல அலுவலகம்) எழுத்தில் கொடுங்கள். அப்புறம், இரவிலோ வார இறுதியிலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 116117 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

யாழ் மாமி:
பிள்ளை, நாங்கள் எண்பதுகளில் வந்த ஆட்கள். அப்ப கறிவேப்பிலையைக் கண்ணாலும் காண ஏலாது. இப்ப ஸ்டுட்கார்ட்டில் எங்கட ஆட்களின்ர கடைகளில் இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் வாங்கலாம். சனிக்கிழமையில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடக்குது, மகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தாய்மார் வகுப்பு முடியுமட்டும் வெளியில இருந்து கதைச்சுக்கொண்டிருப்பினம், நீங்களும் போய் இருங்கோ. குளிருக்கு இட்லி மா புளிக்காட்டி ஓவனுக்குள்ள வைச்சு லைற்றை மட்டும் போட்டு இரவு முழுக்க வையுங்கோ. காலமை பொங்கியிருக்கும்.