பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், சில கேள்விகள்

விசுவமடு நிலா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். பரீட்சை முடிந்த கையோடு யூரியூப்பில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கத் தொடங்கினேன். என் வயதுப் பிள்ளைகளுக்கு இதில் விருப்பமில்லை, கதைக்க ஆளில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மம்மா போடச் சொன்னது ‘பராசக்தி’, 1952இல் வந்தது. யுத்தகாலக் கதை. அண்ணன்மார் மூன்று பேர் ரங்கூனில், தங்கச்சி மதுரையில். கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது, மற்றவர்கள் அகதிகளோடு நடந்து வருகிறார்கள். வழியில் குண்டு விழுந்து ஞானசேகரனுக்கு ஒரு கால் போய்விடுகிறது. எனக்கு நினைவு தெரிந்ததெல்லாம் 2009க்குப் பிறகுதான். ஆனால் அந்த இடம் வந்ததும் அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. கணவனை இழந்த தங்கச்சி கல்யாணி கைக்குழந்தையோடு இட்லிக்கடை போடுகிறாள். இங்கே ரோட்டுக்கரையில் சாப்பாட்டுக்கடை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற எத்தனையோ அக்காமாரை எனக்குத் தெரியும். எழுபது வருசப் பழைய படத்தில் எங்கள் ஊரைப் பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அப்புறம் அந்த நீதிமன்றக் காட்சி. சிவாஜி மூச்சு விடாமல் பேசுகிறார், அம்மம்மா அவருக்கு அரை வசனம் முன்னால் போகிறா! “இந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தனீங்கள்?” என்று கேட்டேன். “ஒருக்காலும் பார்க்கேல்லை பிள்ளை, கேட்டதுதான்” என்றா. ரேடியோவிலும் கசெட்டிலும் கேட்டே முழுக்கப் பாடமாம்.

அதனால்தான் அடுத்த படம் எனக்குப் பெரிய அனுபவமாகிவிட்டது. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, 1954. அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பாட்டில்லாத படம் ரேடியோவில் எப்படி வரும்? அம்மம்மாவுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் அது புதுப்படம். தொடங்கிய உடனேயே வெடிச்சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். 1943இல் சென்னையில் யப்பான்காரர் குண்டு போட்ட நேரத்துக் கதை. செத்தவனைப் பற்றி ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, ஒரே ஆள் வேறு வேறு ஆளாக மாறுகிறான். “அப்ப இவன் கூடாதவனோ?” என்று அம்மம்மா கேட்டபடியே இருந்தா. சிவாஜி அப்படி ஒரு பாத்திரத்தில் நடித்ததை அவவால் ஏற்க முடியவில்லை. கொன்றது யார் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். பண்டரிபாயின் முகத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும்போதுதான் அவர் கனக்கச் சொல்கிறார்.

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பார்த்து அழுதேன். கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. ‘சொன்னது நீதானா’ பாட்டில் முத்துராமன் கட்டிலில், தேவிகா பாடுகிறார். அந்தச் சின்ன அறைக்குள் கமரா கட்டிலுக்கு அடியால்கூடப் போய் வருகிறது. அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஒரு விசயம் மனதுக்கு ஒத்துவரவில்லை. கணவனுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர் அவளின் பழைய காதலன். நான் செத்தால் நீ அந்த டொக்டரைக் கட்டு என்று கணவன் கேட்கிறான். அந்தக் காலத்தில் ஒரு படம் அதைப் பேசியதே பெரிது, சரி. ஆனால் அவளுக்கு என்ன விருப்பம் என்று அந்த இரண்டு ஆம்பிளைகளில் ஒருவரும் கேட்கவில்லையே.

என் கேள்விகள்: அந்தக் காலத்தில் ஏன் எல்லாரும் கூட்டத்தில் பேசுவது போல இவ்வளவு பெரிய குரலில் பேசுகிறார்கள்? எங்கள் ரி.வியில் எல்லார் முகமும் அகலமாகத் தெரிகிறது, அது படத்தின் பிழையா? அடுத்து என்ன பார்க்கலாம்? எங்கள் நாட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள் இருக்கின்றனவா?

மல்லாவி வாத்தியார் எழுதியது:

பிள்ளை, உங்கள் அம்மம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு விளக்குக் கொளுத்தவே யோசிக்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் ரேடியோ கேட்டோம், கசெட் போட்டோம். பெடல் சுற்றுகிற பிள்ளை களைத்தால் கசெட்டில் குரல் இழுபடும். உடனே வீட்டில் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், வேறொரு பிள்ளை வந்து கைமாற்றும். அப்படிக் கை நோகச் சுற்றிக் கேட்ட வசனத்தை யார் மறப்பார்?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சிவாஜி, எம்.ஜி.ஆர் இருவரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பனிகளுக்குப் போனவர்கள். ஒலிவாங்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை அது. அதோடு அந்தக் காலத்தில் வசனம் எழுதியவர் பெயருக்கே சனம் வந்தது. 1949இல் ‘வேலைக்காரி’க்கு எழுதியவர் அண்ணாதுரை, ‘பராசக்தி’க்குக் கருணாநிதி. இருவரும் பிறகு முதலமைச்சர் ஆனவர்கள். அவர்களுக்குத் திரையும் ஒரு மேடைதான், எதிரில் இருந்தது கூட்டம்தான். ‘பராசக்தி’ வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் விற்றது. படம் பார்க்காத ஆளும் அந்த வசனத்தைச் சொல்லியே பேச்சுப்போட்டிக்குக் குரல் பழகலாம். நான் அப்படிப் பழகியவன், பிறகு என் மாணவர்களையும் அப்படிப் பழக்கினேன்.

தேவிகா பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் காலத்தில் அதை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்திருக்கும்.

டெக் அண்ணை, புதுக்குடியிருப்பு எழுதியது:

தங்கச்சி, முகம் அகலமாகத் தெரிவது படத்தின் பிழை இல்லை. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்டச் சதுரம், அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. இப்போதைய ரி.வி அகலம். யூரியூப்பில் ஏற்றுகிற சிலர் திரை நிரம்ப வேண்டும் என்று படத்தை இழுத்துவிடுகிறார்கள். ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்று இருக்கும், அதை 4:3 ஆக்குங்கள், முகம் சரியாக வந்துவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி இருந்தால் அதுதான் சரியான கொப்பி, தொடாதீர்கள். நெற்றியும் நாடியும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் மேலும் கீழும் அறுத்த கொப்பி, அதற்கு மருந்தில்லை, வேறு தேடுங்கள். படத்தின் நேரத்தையும் பாருங்கள். ‘பராசக்தி’ மூன்று மணித்தியாலம் ஓடும். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தால் பாட்டையும் காட்சியையும் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விட்டவன். சாமத்திய வீடு, கலியாண வீடு என்றால் விடிய விடியப் படம் போடுவோம். பெடியள் புதுப்படம்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு பழைய படமாவது போடாமல் கிழவிகள் எங்களை விடமாட்டார்கள். அது பழைய பெட்டி ரி.வி, முகமெல்லாம் அளவாகத்தான் இருக்கும். சாவித்திரியை அதில் பார்த்த கண்ணுக்கு இந்த இழுத்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காது. தயவுசெய்து மாற்றிவிட்டுப் பாருங்கள்.

முள்ளியவளை அண்ணாவி பேரன் எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒலிவாங்கி இல்லாததால்தான் அப்படிப் பேசினார்கள் என்றால், ஒலிவாங்கி வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமே. எங்கள் ஊரில் கோவலன் கூத்துப் பார்த்திருந்தால் விளங்கும். கண்ணகி புருசனை இழந்து பாடும்போது, உண்மையில் ஒரு பெண் இப்படியா அழுவாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தத் துயரத்தைப் பாட்டில் முழுதாக இறக்கினானா என்றுதான் பார்ப்பார்கள். வட்டாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருகிற சனத்துக்கு அந்த அளவுகோல் ரத்தத்தில் ஊறியது. சிவாஜியையும் கண்ணாம்பாவையும் அதே அளவுகோலால் பாருங்கள். அவர்கள் கோபத்தை ஒளிக்கவில்லை, எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்து ‘மனோகரா’ (1954) பாருங்கள், கண்ணாம்பாவுக்காக. அதைப் பார்த்த கையோடு ‘சர்வர் சுந்தரம்’ (1964) பார்த்தால் பத்து வருசத்தில் நடிப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். நாகேஷ் குரலை உயர்த்தாமலே ஆளைக் கலங்க வைப்பார். ‘அவளுக்கென்ன’ பாட்டில் ஒலிப்பதிவுக்கூடத்தையே காட்டுவார்கள், எம்.எஸ்.வி, டி.எம்.எஸ் எல்லாரையும் நேரில் பார்க்கலாம்.

குருமன்காடு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் நாட்டுப் படங்கள் இருக்கின்றன, ஆனால் கிடைப்பது கஷ்டம். ‘தோட்டக்காரி’ 1963இல் வந்தது. ‘குத்துவிளக்கு’ 1972, வி.எஸ். துரைராஜா தயாரித்தது. ‘ஈழத் திருநாடே’ பாட்டு அதில்தான். என்னைக் கேட்டால் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ‘பொன்மணி’, 1977. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சீதனம், சாதி. உரத்த வசனம் எதுவும் இல்லாமல் மெதுவாக நகரும் படம். எங்கள் பேச்சை எங்கள் ஆட்களின் வாயால் படத்தில் கேட்பது என்ன சுகம் என்று அப்போது விளங்கும். தேவிகாவைப் பற்றிக் கேட்ட கேள்வியை பொன்மணியைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் படத்தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் அதில் எரிந்தன. அதனால் இருக்கிற கொப்பி எவ்வளவு மோசமாக இருந்தாலும் வைத்திருக்கிறவர்கள் எறியாதீர்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

விசுவமடு நிலா எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. டெக் அண்ணை, 4:3 ஆக்கியதும் தேவிகா வேறு ஆளாகிவிட்டா! அம்மாவும் வந்து இருந்து பார்த்தா.

முள்ளியவளை அண்ணா, பங்கு வைத்துக் கொடுப்பது என்று நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டு ‘மனோகரா’ பார்த்தேன். கண்ணாம்பா விசயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அவ பொங்கி எழச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் பண்டரிபாய் பேசாமல் நின்றது என்னை விட்டுப் போகவில்லை. இரண்டும் ஒரே வருசத்துப் படம். அதனால் சத்தமில்லாத நடிப்பு பிறகுதான் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

சேர், நீங்கள் சொன்ன கதைவசனப் புத்தகம் இப்போது எங்கேயாவது வாங்கலாமா? அம்மம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். ‘பொன்மணி’ தேடிக்கொண்டிருக்கிறேன். ‘குத்துவிளக்கு’ முழுப்படமாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வந்து பென்டிரைவில் எடுத்துக்கொள்வேன்.