பாதி வெள்ளி, பாதி எண்ணெய்

பங்குனி வெயிலை நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். விடிந்து பார்த்தால் வானம் ஐப்பசி மாதிரி மூடிக் கிடந்தது.

டெல்டாவில் ஒரு ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு நிற்கும் மீட்டர் கேஜ் நீராவி இஞ்சினைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. ஆறு பேர் போனோம், ஒன்பது மணிக்கு ஐந்து பேரானோம். ஆறாமவருக்கு நாலு மா நிலத்து உளுந்து களத்தில் கிடந்தது. தூறல் விழுந்ததும் தார்ப்பாயைத் தேடி ஓடிவிட்டார். குறை சொல்ல முடியாது, நனைந்த உளுந்தை எந்த வியாபாரி தொடுவான்?

பின்னாலேயே ரயில் போகிறது, ஆனால் அந்தத் தண்டவாளத்தில் இந்த இஞ்சின் இனி ஏற முடியாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இதற்கு வேண்டிய இடைவெளி 1000 மில்லிமீட்டர், அங்கே இருப்பது 1676. வேடிக்கை என்னவென்றால், 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போட்டதே அகலப் பாதைதான். அப்புறம் அதைக் குறுக்கி, மறுபடி அகலமாக்கினார்கள்.

சக்கரங்களைக் கோக்கும் நீளத் தண்டுக்கு நான் வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். குடையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"தம்பி, ராடுக்குப் போயி யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

மாயவரம்–தரங்கம்பாடி லைனில், இஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்தவராம். 1986-இல் மூடிய லைன்.

"விரிசல் விட்டா பெயிண்ட் மறைச்சிடும். எண்ணெயைத் துடைச்சுப் பார்த்தா முடி அளவு கீறலும் தெரியும்" என்றவர், குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கட்டை விரல் நகத்தால் தண்டின் முனையை மெல்லச் சுரண்டிக்கொண்டே போனார், பேன் பார்க்கிற மாதிரி. ஓடாத இஞ்சினில் விரிசல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்க நினைத்தேன். அந்த விரலைப் பார்த்ததும் கேட்கவில்லை.

வலது பக்கத்துக்கு அவர் சொன்னபடி பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். பதினொரு மணிக்கு மழை வலுத்தது. எண்ணெய் பூசிய தண்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. இடது பக்கம் நான் அடித்த வெள்ளி காயவே இல்லை. துளி பட்டுப் பட்டு அம்மைத் தழும்பு விழுந்தது.

பெரியவர் ரொம்ப நேரம் சிரித்தார். சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. வீட்டிலும் உளுந்து காய்கிறதாம்.