மியூனிக்கில் வேலை, ஆக்ஸ்பர்க்கில் வீடு: 63 யூரோ டிக்கெட்டை நம்பி இறங்கலாமா?

லெக்கரையான்:
மியூனிக்கில் வேலை கிடைத்து வருகிறவர்கள் அந்த ஊருக்குள்ளேயே வீடு தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை என்பது என் கட்சி. மேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி ஆக்ஸ்பர்க் இருக்கிறது. வாடகை குறைவு. ஆர்.ஈ. என்னும் வட்டார ரயிலில் முக்கால் மணி நேரம். ஜெர்மனி முழுவதும் செல்லும் மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் இந்த ரயில், இரண்டு ஊர் டிராம், பஸ், மியூனிக்கின் எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (மெட்ரோ) அத்தனையும் அடக்கம். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58 ஆச்சு, 2026 ஜனவரியிலிருந்து 63. கம்பெனி குறைந்தது 25 சதவீதம் போட்டுக்கொண்டால் அது ஜாப்டிக்கெட். இன்னொரு 5 சதவீதமும் தள்ளுபடியாகும். நம் கையிலிருந்து போவது அதிகபட்சம் 44.10 யூரோ. வேலையில் சேரும் அன்றே எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். ஆர்.ஈ. தாமதமானால் அதே டிக்கெட்டில் ஐ.சி.ஈ. அதிவேக ரயிலில் ஏறி அரை மணி நேரத்தில் போய்விடலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

இசார்கரை:
முக்கால் மணி நேரம்ங்கறது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன். வாசலுக்கு வாசல் கணக்குப் போடுங்க. ஆக்ஸ்பர்க்கில் டிராம் பிடிச்சு ஸ்டேஷன் வர 15 நிமிஷம், ரயிலுக்கு முன்னாடி போய் நிற்க 5, ரயிலில் 45, மியூனிக்கில் மாறி ஆபீஸ் சேர 25. ஒன்றரை மணி நேரம். போக வர மூணு. அதுவும் எல்லாம் நேரத்துக்கு ஓடினால்.

ஆர்.ஈ.யில் சீட் ரிசர்வேஷனே கிடையாது. காலை கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்துக்கிட்டே போகலாம்னு யாரும் கனவு காண வேண்டாம்.

சாயந்திரத்தையும் பாருங்க. பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடணும், அது சட்டம். பெர்லினில் இருந்து வர்றவங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆறே கால் மணிக்கு ஆபீஸை விட்டால் ஆக்ஸ்பர்க்கில் இறங்க ஏழரை. ஒரு ரயில் ரத்தானால் அன்னிக்குக் கடை கிடையாது. அது சனிக்கிழமையா இருந்தால் திங்கள்கிழமைதான், ஞாயிறு முழு அடைப்பு.

லெக்கரையான்:
இசார்கரை அக்கா, கடை மூடும் நேரம் மியூனிக்கிலும் அதேதான். அதற்கு வழி ஸ்டேஷனிலேயே இருக்கிறது: ஹாப்ட்பான்ஹோஃபுக்குள் (மத்திய ரயில் நிலையம்) இருக்கும் கடைகள் எட்டுக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ரயில் ஏறும் முன் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

மாறுவதற்கு 25 நிமிடம் என்கிறீர்களே, அது ஹாப்ட்பான்ஹோஃபில் இறங்குகிறவர்களின் கணக்கு. அங்கே தரைமட்ட நடைமேடையிலிருந்து எஸ்-பானுக்குச் சுரங்கம் இறங்கவே நேரம் போகும், கட்டுமான வேலை வேறு. மாரியன்பிளாட்ஸ், ஓஸ்ட்பான்ஹோஃப் பக்கம் ஆபீஸ் உள்ளவர்கள் ஒரு ஸ்டாப் முன்னால் பாசிங்கிலேயே இறங்க வேண்டும். எஸ்3, எஸ்4, எஸ்6, எஸ்8 நான்கும் அங்கிருந்து நேராக நகரின் நடுவே போகின்றன. நகரக் கூட்டம் ஏறுவதற்கு முன் ஏறுவதால் உட்காரவும் இடம் கிடைக்கலாம்.

வரியையும் சேருங்கள். 2026-லிருந்து வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ள தூரத்துக்கு, ஒருவழிக் கணக்கில், முதல் கிலோமீட்டரிலிருந்தே 38 சென்ட் கழித்துக்கொள்ளலாம். 65 கி.மீ. என்றால் நாளைக்கு 24.70 யூரோ. வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 130 நாள் போனால் 3,211 யூரோ. ஊழியர்கள் எல்லாருக்கும் தானாகவே கழியும் 1,230 போக, கூடுதலாக 1,981 யூரோவுக்கு வரி இல்லை.

பெட்டி_எண்_23:
லெக்கரையான் அண்ணே, முதல் பதிவில் ஐ.சி.ஈ. பற்றி ஒரு பெரிய தப்பு இருக்கு. அதை நம்பி யாராவது ஏறினால் 60 யூரோ அபராதம் வரைக்கும் போகும்.

சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு, சேருமிடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதம் ஆகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில், ஐ.சி.ஈ.யில்கூட, ஏற உரிமை உண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது கிடையாது. அதைப் பெருமளவு சலுகை தந்த டிக்கெட் என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆர்.ஈ. ரத்தானால் அடுத்த ஆர்.ஈ.க்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இழப்பீடும் சொற்பம்தான். 60 நிமிடத் தாமதத்துக்கு 1.50 யூரோ. 4 யூரோவுக்குக் கீழே இருந்தால் தரமாட்டார்கள், ஆகவே மூன்று தாமதமாவது சேர்த்து ஒன்றாகக் கேட்க வேண்டும். மூன்று மாதக் கெடு இருப்பதால் முதல் தாமதத்தின் தேதி, ரயில் எண் இரண்டையும் அன்றே குறித்து வைக்கவும். வழக்கமான டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம். வித்தியாசத்தைப் பாருங்கள்.

புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டுவது வேறொரு இடத்தில். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ கொலோனுக்கோ ஷ்பார்பிரைஸ் என்னும் மலிவு டிக்கெட் எடுக்கும்போது, "ஐ.சி.ஈ. ஏறும் ஸ்டேஷன் வரைக்கும் என்னிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறதே" என்று அங்கிருந்து மட்டும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் அவை இரண்டு தனி ஒப்பந்தங்கள். முதல் ஆர்.ஈ. தாமதமாகி ஐ.சி.ஈ. போய்விட்டால் அந்த ஷ்பார்பிரைஸ் வீண், ஏனென்றால் அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்தே ஒரே டிக்கெட்டாக எடுத்தால், இணைப்பு தவறும்போது அந்தக் கட்டுப்பாடு தானாக நீங்கி அடுத்த ஐ.சி.ஈ.யில் போகலாம். விலையை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். வித்தியாசம் சில யூரோக்கள்தான் என்றால் முழுத் தூரத்துக்கும் எடுப்பதே நல்லது.

இன்னும் ஒன்று: டாய்ச்லாண்ட் டிக்கெட் என்றால் செயலியில் உள்ளதுதான் செல்லும், அதன் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கூடவே புகைப்படம் உள்ள அடையாள அட்டை வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவர் என்றே எழுதுவார்கள். பிறகு காட்டினால் 60 யூரோ 7 ஆகக் குறையும், ஆனால் அபராதத் தாளில் போட்ட கெடுவுக்குள் காட்ட வேண்டும்.

லெக்கரையான்:
ஐ.சி.ஈ. விஷயத்தில் நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். யாரும் அதை நம்பி ஏற வேண்டாம். மற்றபடி என் வாதம் மாறவில்லை. வாரம் இரண்டு, மூன்று நாள் ஆபீஸ் போகிறவருக்கு ஆக்ஸ்பர்க் கட்டுப்படியாகும்.

இசார்கரை:
தனி ஆளுக்குச் சரி. குழந்தை இருந்தால்? கிட்டா (குழந்தைகள் காப்பகம்) இடம் வீடு இருக்கிற ஊரில்தான் கிடைக்கும். மூடுற நேரத்துக்குள் போய்க் கூட்டிட்டு வரணும். பாசிங்கில் ஒரு ரயில் ரத்துன்னா கிட்டாவில் பிள்ளையோட ஒரு டீச்சர் காத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு பேரும் மியூனிக்கில் வேலை பார்த்தால் இதுக்கு வழியே இல்லை. ஒருத்தராவது ஆக்ஸ்பர்க்கில் இருக்கணும்.

அடுத்தது விசா. ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) எந்த ஊரிலோ அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகம்தான் உங்க ஃபைலைப் பார்க்கும், ஆபீஸ் எங்கே இருந்தாலும் சரி. குடிபோன ரெண்டு வாரத்துக்குள் பதிவு செய்யணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்று வேணும், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏத்துக்க மாட்டாங்க. புளூ கார்டு (வேலைக்கான குடியிருப்பு அனுமதி) புதுப்பிக்கிற சமயத்தில் ஊர் மாறினால் ஃபைல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகணும், நாள் இழுக்கும். முதலில் மியூனிக்கில் பதிஞ்சிட்டு அப்புறம் ஆக்ஸ்பர்க் போறதைவிட, எந்த ஊர்னு ஆரம்பத்திலேயே முடிவு பண்றது மேல்.

பெட்டி_எண்_23:
ஆக்ஸ்பர்க் வேண்டாம், தெற்கே ஹோல்ட்ஸ்கிர்ஷன் பக்கம் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மியூனிக்கிலிருந்து வரும் ஓபர்லாண்ட் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரியும். ஒரு பகுதி பைரிஷ்செல் போகும். மீதி ஷாஃப்ட்லாஹ் வரை சேர்ந்து போய், அங்கே லெங்க்ரீஸ், டேகர்ன்சே என்று மறுபடி பிரியும். ரயிலின் பெயரைப் பார்த்து ஏறினால் போதாது, ஏறும் பெட்டியின் பக்கவாட்டில் எரியும் ஊர்ப்பெயரைப் பார்க்க வேண்டும். தூங்கிவிட்டால் வேறு பள்ளத்தாக்கில் கண் விழிப்பீர்கள்.

இதே டிக்கெட்டில் எல்லை தாண்டி சால்ஸ்பர்க் ஹாப்ட்பான்ஹோஃப் வரையும், குஃப்ஸ்டைன் வரையும் போகலாம். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். திரும்பும்போது ரயிலிலேயே போலீஸ் சோதனை நடக்கும்.

லெக்கரையான்:
அக்கா சொன்ன கிட்டா விஷயம் நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு சிறு விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்ட் 8 ஆக்ஸ்பர்க் நகருக்கு மட்டும் விடுமுறை, அமைதித் திருநாள். கடை, கிட்டா எல்லாம் மூடியிருக்கும். ஆனால் விடுமுறை வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்தது, மியூனிக்கில் ஆபீஸ் என்றால் அன்றைக்கும் போக வேண்டும். ஜூலையிலேயே அந்த நாளுக்கு லீவு எழுதி வையுங்கள்.

இசார்கரை:
அப்போ ஆக்ஸ்பர்க்தான்னு நினைக்கிறவங்க முதல் மாசத்துக்குத் தற்காலிக அறையை அங்கேயே எடுத்து, உங்க ஆபீஸ் நேரத்துக்கே நாலு வாரம் போய் வந்து பாருங்க. அப்புறம் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்க. டிக்கெட்டை மாசம் 1 முதல் 10 தேதிக்குள் எடுங்க. அது சந்தா, தானாகவே நீளும். நிறுத்தணும்னா அந்த மாசம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யணும். பத்துக்குப் பிறகு எடுத்தால் அடுத்த மாசமும் சேர்ந்தே தலையில் விழும். பணம் எடுக்க ஐபான் (ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண்) கேட்பாங்க, நம்ம நாட்டு பேங்க் கணக்கு உதவாது. சில விற்பனையாளர்கள் டி.ஈ.யில் தொடங்கும் ஜெர்மன் ஐபான்தான் வேணும்பாங்க. வேறு ஐரோப்பிய நாட்டு ஐபானை அப்படி மறுக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே இருக்கு, ஆனால் வந்த முதல் வாரத்தில் சண்டை போடாமல் வேறு விற்பனையாளரிடம் வாங்கிடுங்க. விலை எங்கேயும் ஒண்ணுதான். ரத்து செஞ்சதுக்கு வரும் உறுதி மின்னஞ்சலை மட்டும் அழிச்சிடாதீங்க.